லேபிளில் 14, இடுப்பில் 27: பழைய அமெரிக்க கவுன் வாங்கப் போகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் வாங்கிய விண்டேஜ் கவுனின் பக்கவாட்டு ஜிப் இடுப்பு வரைக்கும் ஒழுங்காக ஏறியது. அங்கே நின்றதுதான், அதற்குமேல் ஒரு பல் நகரவில்லை. கருநீலப் பருத்தித் துணி, சட்டைக் காலர், முன்னால் இடுப்பு வரை பட்டன், கீழே குடை மாதிரி விரியும் பாவாடை. 1950களில் தைத்தது. லேபிளில் 14 என்று போட்டிருந்தது. இங்கே அமெரிக்கக் கடைகளில் நான் எடுப்பது 8. அப்படியானால் 14 தொளதொளவென்று இருக்கும், பிடித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போட்டு, அளவைக்கூடக் கேட்காமல் இணையத்தில் பணம் கட்டிவிட்டேன். வந்த அன்று மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், கட்டிலில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். ஜிப் அசையவில்லை.

அம்மாவுக்கு போன் போட்டுப் புலம்பினேன். "அளவு ஜாக்கெட் குடுக்காம டெய்லர்கிட்ட துணி குடுப்பியாடி நீ? இதுக்கு மட்டும் ஏன் நம்பரப் பாத்து வாங்கினே?" என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதில் பாதிக்குமேல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 1940களிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் கடைக்காகத் தைத்து விற்ற கவுன்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பாரிஸ் வடிவமைப்பாளர் ஒரு பெண்ணுக்கென்றே தைத்துக் கொடுத்த உடைகள் வேறு உலகம். இவை நியூயார்க்கின் செவன்த் அவென்யூவிலும் கான்சாஸ் சிட்டியிலும் செயின்ட் லூயிஸிலும் ஆயிரக்கணக்கில் தைக்கப்பட்டு, டிபார்ட்மென்ட் கடைகளிலும் தபால் கேட்டலாக்குகளிலும் விற்றவை. அதனால்தான் இன்றும் பழைய சாமான் கடைகளிலும், வீட்டைக் காலி செய்யும் எஸ்டேட் சேல்களிலும், இணையத்திலும் கிடைக்கின்றன.

எண்ணை முதலில் மறந்துவிடுங்கள்

அந்த 14 பொய்யில்லை. இன்றைய 14 அல்ல, அவ்வளவுதான்.

1939-40இல் அமெரிக்க விவசாயத் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் அதைத் தொகுத்து 1941இல் வெளியிட்டார்கள். ஒரு ஆளுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட அளவுகள். வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு மற்றவர்களுடையதை ஒதுக்கிவிட்டார்கள். நம் உடம்புக்கு இந்த உடைகள் சில இடங்களில் முரண்டு பிடித்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தப் பட்டியலில் நம்மைப் போன்றவர்கள் இருக்கவே இல்லை.

அளவைப் பொதுவாக்க வேண்டும் என்று நெருக்கியவர்கள் கேட்டலாக் வியாபாரிகள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக 14 தைக்க, வாங்கிய பெண்கள் தபாலில் திருப்பி அனுப்ப, நஷ்டம் இவர்கள் தலையில் விழுந்தது. கடைசியில் 1958இல் அரசே ஒரு தர அளவை வெளியிட்டது. எண்கள் 8இலிருந்து 38 வரை. உயரத்துக்கு ஒரு எழுத்து, பின்புற அகலத்துக்குக் கூட்டல் அல்லது கழித்தல் குறி. அந்த 1958 கணக்கில் 8 என்றால் மார்பு 31 அங்குலம், இடுப்பு 23½ அங்குலம். இன்றைக்குக் கடையில் தொங்கும் 8 ஏறக்குறைய அன்றைய 16. அந்தத் தர அளவை யாரும் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியிருக்கவில்லை. 1983இல் அரசு அதைக் கைவிட்டது. அதற்கு முன்பே கம்பெனிகள் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பெரிய உடைக்குச் சின்ன எண் ஒட்டி, வாங்குகிறவர் மனதைக் குளிர வைக்க ஆரம்பித்திருந்தன.

ஆகவே விற்கிறவர் "சைஸ் 12" என்று மட்டும் சொன்னால் அது தகவலே இல்லை. "இன்றைய 6க்குச் சமம்" என்று சேர்த்துச் சொன்னாலும் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

ஆனால் எண்ணின் வகையைப் பாருங்கள்

எண் சொல்லாததை அதன் வகை சொல்லும். ஒற்றைப்படை எண், அதாவது 7, 9, 11, 13 என்றால் ஜூனியர். பெயரைப் பார்த்துச் சின்னப் பெண்களுக்கு என்று நினைக்க வேண்டாம். தோளிலிருந்து இடுப்பு வரை குட்டையான, ஒல்லியான உடல்வாகுக்கு வெட்டியது. செயின்ட் லூயிஸ் நகரம் இந்த வகைக்குப் பேர்போனது. இரட்டைப்படையில் 10, 12, 14 என்றால் மிஸ்ஸஸ், சராசரி உயரம். 38, 40, 42 என்றால் விமன்ஸ், கனமான உடம்புக்கு.

பலர் கவனிக்காமல் விட்டுவிடுவது பின்ன எண்களை: 14½, 16½, 18½. இவற்றை ஹாஃப் சைஸ் என்பார்கள். உயரம் குறைவு, இடுப்பும் மேல்கையும் கொஞ்சம் தாராளம், மேலுடம்பு நீளம் கம்மி. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். மிஸ்ஸஸ் கவுன் போட்டால் இடுப்புத் தையல் எனக்கு இடுப்புக்குக் கீழே இறங்கி, முதுகில் துணி மடிந்து உட்காரும். ஹாஃப் சைஸில் தையல் அதன் இடத்தில் இருக்கும். ஒல்லி உடம்புக்கே விண்டேஜ் சந்தையில் கிராக்கி என்பதால் ஹாஃப் சைஸ் கவுன்கள் பல நேரம் மலிவாகவே கிடைக்கின்றன. ஐந்தடியை ஒட்டிய உயரம், இரண்டு பிள்ளை பெற்ற வயிறு என்று இருக்கும் நம் பெண்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். ஒரே குறை: அன்றைய கம்பெனிகள் ஹாஃப் சைஸ் என்றாலே பாட்டிமார்களுக்கு என்று முடிவு கட்டி, மங்கலான பூப்போட்ட துணியையே பெரும்பாலும் போட்டிருப்பார்கள். தேடினால் நல்லதும் கிடைக்கும்.

உங்கள் அளவு கவுன்

இப்போது அம்மா சொன்ன விஷயம். உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்துகிற, இழுவை இல்லாத துணியில் தைத்த ஒரு கவுனையோ குர்தியையோ எடுங்கள். லைக்ரா கலந்தது உதவாது. 1950களின் துணி உங்களுக்காக அரை அங்குலம்கூட நீளாது. அதைத் தரையில் விரித்து, ஜிப்பையும் பட்டனையும் போட்டு, கையால் நீவிவிட்டு, இழுக்காமல் அளவெடுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை. இடுப்பின் மிகக் குறுகிய இடத்தில் ஓரத்திலிருந்து ஓரம். இவை இரண்டையும் இரண்டால் பெருக்குங்கள். பின்பக்கம் திருப்பி, கழுத்தெலும்புக்கு நேரிலிருந்து இடுப்புத் தையல் வரை. தோளில் ஒரு கைத் தையலிலிருந்து மறு கைத் தையல் வரை. கையின் மிக அகலமான இடத்தில் சுற்றளவு. எல்லாவற்றையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பையில் ஒரு இன்ச் டேப் எப்போதும் இருக்கட்டும். எஸ்டேட் சேலில் போட்டுப் பார்க்க அறையும் இருக்காது, கண்ணாடியும் இருக்காது. டேப்தான் துணை.

அடுத்து உங்கள் உடம்பை அளந்து, அதற்கும் கவுனுக்கும் எவ்வளவு வித்தியாசம் வேண்டும் என்று பாருங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: இடுப்பில் உடம்பைவிடக் கவுன் குறைந்தது ஒரு அங்குலம் கூட இருக்க வேண்டும். மார்பில் இரண்டிலிருந்து மூன்று. மேல்கையில் இரண்டு. பாவாடை ஒட்டினாற்போல நேராக இறங்கினால் பின்புறச் சுற்றில் மூன்று, இல்லாவிட்டால் உட்காரும்போது தையல் விட்டுப்போகும். குடை மாதிரி விரியும் பாவாடைக்கு அந்த அளவே தேவையில்லை. தோளில் வித்தியாசமே வேண்டாம்.

இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் விற்கிறவரிடம் கேட்க வேண்டியது: "தரையில் விரித்து, ஜிப் போட்டு எடுத்த அளவா?" சிலர் பொம்மைக்கு மாட்டி, பின்னால் ஊசி குத்திப் பிடித்துப் படம் எடுத்திருப்பார்கள். சிலர் இடுப்பை அளக்கும்போது துணியை இழுத்துப் பிடித்து ஒரு அங்குலத்தைக் கூட்டிவிடுவார்கள். டேப்பை வைத்தபடியே ஒரு படம் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கவுனைப் பார்க்கலாம்.

இடுப்பு, அதன் பிறகுதான் மற்றவை

1947 பிப்ரவரி 12ஆம் தேதி உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியான் டியோர் பாரிஸில் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். சின்ன இடுப்பு, வட்டத் தோள், கெஜக்கணக்கில் துணி விழுங்கும் பாவாடை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளிலும் இந்தச் சாயல் எட்டிப் பார்த்ததுதான். ஆனால் போர் நடந்தபோது அமெரிக்க அரசு 1942இல் எல்-85 என்ற உத்தரவு போட்டு, பாவாடையின் அகலத்துக்கும் மடிப்புக்கும்கூடக் கட்டுப்பாடு வைத்திருந்தது. அதனால்தான் போர்க்கால அமெரிக்க கவுன்கள் ஒடுங்கி, முழங்காலை ஒட்டி நிற்கும். 1947க்குப் பிறகு செவன்த் அவென்யூ முழுக்க டியோரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருட கவுன்களில் எல்லாமே இடுப்புத் தையலில்தான் தொங்கும். அது பொருந்தினால் மார்பிலும் தோளிலும் சின்னச் சின்னக் குறைகளைச் சமாளிக்கலாம். பொருந்தாவிட்டால் மற்ற எல்லாம் பொருந்தியும் பயனில்லை.

அந்தத் தையலின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நல்ல கவுன்களில் அங்கே அரை அங்குல அகலத்தில் ஒரு கெட்டி நாடா வைத்துத் தைத்திருக்கும். சிலவற்றில் அதற்குத் தனிக் கொக்கியும் இருக்கும். ஜிப் போடும் முன் அந்தக் கொக்கியை மாட்ட வேண்டும். பாவாடையின் பாரம் முழுவதையும் அந்த நாடா தாங்கிக்கொள்ளும், ஜிப் பிழைக்கும். இது தெரியாமல் கொக்கியைத் தொங்கவிட்டு ஜிப்பை இழுத்துத்தான் பலர் ஜிப்பைக் கெடுக்கிறார்கள்.

அடுத்த இடைஞ்சல் கைத்துளை. அந்தக் காலத்தில் கைத்துளையை அக்குளை ஒட்டி, உயரத்தில், சின்னதாக வெட்டுவார்கள். சேலை ஜாக்கெட் போட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல. நல்ல டெய்லர் தைத்த ஜாக்கெட்டில் கையைத் தூக்கினால் ஜாக்கெட் மேலே ஏறாது அல்லவா? அதே கணக்கு. இன்றைய தொளதொள கைத்துளைக்குப் பழகியவர்கள் "இறுக்குகிறது" என்று புகார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அளவு சரியாக இருந்தால் அது இறுக்கம் இல்லை, வெட்டே அப்படித்தான். ஆனால் மேல்கை பருத்தவர்கள் கையளவை மறக்காமல் பாருங்கள். முதுகின் குறுக்களவையும் பாருங்கள். கைகளை முன்னால் நீட்டி, ஸ்டியரிங் பிடிப்பது போல வைத்துப் பாருங்கள். முதுகில் நெருநெருவென்று சத்தம் வந்தால் அந்த கவுன் உங்களுக்கு இல்லை.

தோளோடு சேர்த்தே வெட்டிய கிமோனோ கைகளில் அக்குளில் வைரக்கல் வடிவில் ஒரு துண்டு ஒட்டியிருப்பார்கள். நம் ஊர் டெய்லர்கள் அக்குளுக்குக் கீழே வைக்கும் ஒட்டுத் துண்டுக்கு உறவுக்காரன். அதன் நான்கு மூலைகளும்தான் முதலில் கிழியும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

உள்ளே என்ன போட்டிருந்தார்கள்?

இந்த கவுன்களை வெறும் உடம்பின் மேல் யாரும் போட்டதில்லை. வயிற்றையும் பின்புறத்தையும் அமுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் கர்டில், கூம்பு மாதிரி முன்னால் நிற்கும் பிரா, அதன்மேல் ஸ்லிப், விரிந்த பாவாடை என்றால் அதற்கடியில் வலைப் பெட்டிகோட். 1952இல் வார்னர்ஸ் கம்பெனி 'மெர்ரி விடோ' என்று மார்பிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை இறுக்கும் ஒரு உள்ளாடையைக் கொண்டுவந்தது. தோள் இல்லாத பார்ட்டி கவுன்கள் அதை நம்பியே வெட்டப்பட்டவை.

இதனால் நமக்கு இரண்டு விளைவு. ஒன்று, மார்பின் டார்ட்கள், அதாவது உடம்பு வளைவுக்காகத் துணியைப் பிடித்துத் தைத்த மடிப்புகள், கூர்மையாகவும் இன்றைய பிராவுக்குக் கொஞ்சம் மேலேயும் முடியும். முன்னால் வெற்றுத் துணி கூம்பி நிற்பது போலத் தெரிந்தால் கவுனைக் குற்றம் சொல்லாதீர்கள். பிரா பட்டியைச் சற்று ஏற்றிப் பாருங்கள், பாதி சரியாகிவிடும். இரண்டாவது, கர்டில் போட்டால் ஏறிவிடும் என்ற நம்பிக்கையில் சின்ன கவுனை வாங்காதீர்கள். ஒரு கல்யாண வரவேற்புக்கு மூன்று மணிநேரம் அப்படிப் போய்விட்டு வந்தேன். சாப்பாட்டில் கைவைக்கவில்லை.

பெட்டிகோட் போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே இடுப்பை அளங்கள். வலைத் துணியின் சுருக்கமும் எலாஸ்டிக்கும் சேர்ந்து இடுப்பைத் தடிமனாக்கிவிடும். பழைய பெட்டிகோட்கள் பலவற்றில் மேல்பகுதியைச் சுருக்கமில்லாமல் தட்டையாக வைத்து, வலையைப் பின்புறத்துக்குக் கீழே ஆரம்பிப்பார்கள். அப்படிப்பட்டது கிடைத்தால் விடாதீர்கள். நம் சேலைக்குக் கட்டும் உள்பாவாடை இதற்கு உதவாது. நானும் முயன்று பார்த்தேன், கவுன் கால்களுக்கு நடுவே போய்ச் சுருண்டுகொண்டது.

முதல் கவுனாக எதை வாங்கலாம்?

சுற்றிக் கட்டும் கவுன். அமெரிக்க உடை வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் 1942இல் 'பாப்ஓவர்' என்று ஒன்று வடிவமைத்தார், டென்னிமில், 6.95 டாலருக்கு. வீட்டு வேலைக்கான உடை என்று அதோடு ஒரு சமையல் கையுறையும் தைத்துக் கொடுத்தார்கள். அசல் மெக்கார்டெல் கவுனுக்கு இன்று விலை எக்கச்சக்கம், அதை விடுங்கள். 'ஸ்வர்ல்' என்ற லேபிளில் வந்த வீட்டு கவுன்கள் பின்னால் சுற்றிக்கொண்டு முன்னால் நாடாவைக் கட்டுகிற மாதிரி. இரண்டு மூன்று அங்குலம் முன்னே பின்னே இருந்தாலும் ஒத்துக்கொள்ளும். மசக்கையில்கூடப் போடலாம். 1960களின் ஷிஃப்ட் கவுன்களுக்கு இடுப்பே கிடையாது, அங்கே பின்புறச் சுற்றும் மார்பும் மட்டும் பார்த்தால் போதும். டியோர் மாதிரி இடுப்பு வைத்த பார்ட்டி கவுன் நாலைந்து வாங்கிக் கை பழகிய பிறகு.

எந்த வருடத்தது?

விற்கிறவர்கள் எல்லாவற்றையும் '50ஸ்' என்றுதான் சொல்வார்கள். விலை கூடும் அல்லவா. நீங்களே பார்த்துக்கொள்ள நான்கு தடயங்கள் போதும்.

சலவை எப்படிச் செய்வது என்று நிரந்தரமாகத் தைத்த லேபிள் இருந்தால் அது பெரும்பாலும் 1972க்குப் பிறகு. அந்த ஆண்டுதான் அது கட்டாயமானது. எந்த நூல் எத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால் அநேகமாக 1960க்குப் பிறகு, அப்போது நடைமுறைக்கு வந்த சட்டம் அது. பக்கத் தையலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்னத் தொழிற்சங்க லேபிளைத் தேடுங்கள். சர்வதேச பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் முத்திரை அது. அதில் ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. என்று இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் 1955க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனென்றால் அந்த இரண்டு தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் இணைந்ததே அந்த வருட டிசம்பரில்தான். அப்புறம் ஜிப். உலோகப் பல், இடதுபக்கத் தையலில் என்றால் 40களோ 50களோ. முதுகில் உலோக ஜிப் என்றால் 50களோ 60களின் தொடக்கமோ. நைலான் ஜிப் என்றால் 60கள் தொடங்கிய பிறகு, அல்லது யாரோ பழைய ஜிப்பை மாற்றியிருக்கிறார்கள். ஒரே தடயத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், இரண்டாவது ஒத்துப்போகிறதா பாருங்கள்.

துணியைத் தெரிந்துகொள்ளாமல் தண்ணீரில் போடாதீர்கள்

பருத்தி பயமில்லை. 'சான்ஃபரைஸ்டு' என்று லேபிள் இருந்தால் இன்னும் நல்லது, சுருங்காமல் இருக்க முன்கூட்டியே பதப்படுத்திய துணி. 1940களின் ரேயான் கிரேப்தான் வில்லன். நனைந்தால் கண்முன்னே சுருங்கி, முழங்காலுக்குக் கீழே இருந்த கவுன் தொடைக்கு ஏறிவிடும். அது டிரை கிளீனிங்குக்குத்தான். அசிடேட் டஃபட்டா கவுன் போட்டுக்கொண்டு நகப்பூச்சை அழிக்காதீர்கள். அழிப்பானில் அசிட்டோன் இருந்தால் ஒரு சொட்டு பட்ட இடத்தில் துணி கரைந்து ஓட்டையாகிவிடும்.

நம் ஊர்ப் பெயரைச் சுமந்த துணியும் இந்தச் சந்தையில் உண்டு. 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டத் துணி ஒரு பைத்தியமாகப் பரவியது. கைத்தறிக் கட்டம், இயற்கைச் சாயம், துவைத்தால் நிறம் இறங்கி ஒன்றோடொன்று கலந்துவிடும். நம் வீட்டில் அப்படி நடந்தால் கடைக்காரனிடம் சண்டைக்குப் போவோம். அவர்களோ அதையே பெருமையாக்கி, 'சாயம் போகும் என்று உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்து விற்றார்கள். அப்படி ஒரு மெட்ராஸ் கவுன் கிடைத்தால் தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். அன்றைக்கு விடவேண்டிய சாயத்தில் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கலாம்.

எந்தத் துணியானாலும் வாங்கும் முன் அக்குளை வெளிச்சத்தில் பிடியுங்கள். வியர்வை அறுபது வருடத்தில் நூலைத் தின்றிருக்கும். கறை மட்டும் என்றால் சமாளிக்கலாம், துணி சல்லடையாக இருந்தால் எந்த டெய்லராலும் முடியாது. பட்டில் மெல்லிய நெட்டுவாக்குக் கீறல்கள் தெரிந்தால் அது கிழிசல் இல்லை, துணியே உதிர ஆரம்பித்துவிட்டது. கீழே வைத்துவிட்டு நகருங்கள். ரசகற்பூர உருண்டை வாசனைக்குப் பயப்பட வேண்டாம், நிழலில் காற்றாட இரண்டு வாரம் தொங்கவிட்டால் போகும். முரண்டு பிடிக்கும் உலோக ஜிப்பில் மெழுகுவர்த்தியால் இரண்டு தேய்.

பிரித்துத் தைக்கலாமா?

சிறிதாக்குவது சுலபம், பெரிதாக்குவதற்கு உள்ளே துணி வேண்டும். வாங்கும் முன் கவுனை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலில் எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மலிவு விலைக் கவுன்களில் அரை அங்குலத்துக்குமேல் இருக்காது, அதில் பிரித்து விட ஒன்றுமில்லை. ஆனால் கீழ் மடிப்பில் பெரும்பாலும் இரண்டு மூன்று அங்குலம் இருக்கும். நீளம் வேண்டுமானால் இறக்கலாம், பழைய மடிப்புக் கோடு வெளுத்துத் தெரியும் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தோளைத் தொடாதீர்கள். தோளை மாற்றினால் கையை மாற்ற வேண்டும், கையை மாற்றினால் டார்ட்டை மாற்ற வேண்டும், அது புதுக் கவுன் தைப்பதுதான். கவுனோடு வந்த அதே துணி பெல்ட் தொலைந்து போயிருந்தால் இடுப்பின் இரு பக்கமும் நூல் வளையம் அநாதையாகத் தொங்கும். மெல்லிய தோல் பெல்ட் ஒன்று போதும்.

என் கருநீலக் கவுன் எட்டு மாதம் அலமாரியில் கிடந்தது. அம்மா ஆறு மாதம் இங்கே வந்து தங்கியிருந்தபோது ஒரு மத்தியானம் அதை எடுத்து மடியில் போட்டு உள்பக்கம் திருப்பினார். கீழ் மடிப்பை விரலால் அளந்து, "மூணு அங்குலம் துணி விட்டிருக்கான்டி, இதை வச்சுக்கிட்டா அழுதே?" என்றார். இடுப்பைப் பிடித்தபடி வலது பக்கத் தையலைப் பிளேடால் பிரித்தார். ஜிப் இருக்கும் இடதுபக்கத்தைத் தொடவில்லை. கீழ் மடிப்பைச் சுற்றிலும் வெட்டி எடுத்து, மடிப்புக்குப் பதில் ஓரத்தில் பயஸ் டேப், அதாவது குறுக்காக வெட்டிய துணி நாடா, வைத்தார். வெட்டிய பட்டையிலிருந்து ஒரு துண்டை அக்குளிலிருந்து இடுப்பு வரை செருகித் தைத்தார். தையல் போக இரண்டரை அங்குலம் கிடைத்தது. பாவாடையின் சுருக்கத்தைத் தளர்த்தி, புது இடுப்புக்குச் சமமாகப் பரப்பிவிட்டார். 27 அங்குலம் 29½ ஆனது. என் இடுப்பு 28½.

அறுபது வருடம் மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி என்பதால் செருகிய துண்டு மட்டும் இன்னும் கடைக் கருநீலமாகவே இருக்கிறது, கவுன் அதற்குப் பக்கத்தில் ஒரு பிடி வெளுப்பு. கையைத் தூக்கினால்தான் தெரியும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பஸ்ல கம்பியப் புடிச்சுட்டு நிக்காதே, அவ்ளோதான்" என்றார்.